சிபாப் மாஸ்க்கை இறுக்க இறுக்க ஏன் காற்று கசிகிறது?

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியே காற்று ஊதும் சிபாப் இயந்திரம் வாங்கியவர்களிடம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். சிலர் "முதல் நாள் காலையிலேயே தலைபாரம் போயிடுச்சு" என்பார்கள். வேறு சிலர் "ஒரு வாரம் போட்டேன், முடியல, அலமாரியில கிடக்கு" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை இன்னும் கொஞ்சம் துருவினால் இயந்திரத்தைப் பற்றிக் குறை வருவது அபூர்வம். கண்ணில் காற்று அடித்தது, மூக்குத்தண்டு புண்ணானது, நடுராத்திரியில் விசில் சத்தம் கேட்டுப் பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று எல்லாப் புகாரும் மாஸ்க்கைச் சுற்றியே வரும்.

ஆனால் மாஸ்க் பற்றிக் கிடைக்கும் அறிவுரையோ செல்போன் வாங்கச் சொல்லும் அறிவுரை மாதிரி இருக்கிறது. எந்த மாடல் நல்லது, எது புதுசு, எதை எல்லோரும் வாங்குகிறார்கள். கூடவே ஒரு வரி: காற்று கசிந்தால் பட்டையை இறுக்கு. நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன். இறுக்கினேன், கசிந்தது, இன்னும் இறுக்கினேன், இன்னும் அதிகமாகக் கசிந்தது, காலையில் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் பட்டை பதிந்த தடம் மதியம் வரை போகவில்லை. மாஸ்க் எதனால் முகத்தோடு ஒட்டி நிற்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது தெரிந்தபிறகு எந்த வகை, எந்த அளவு, எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. அதற்கு முன் தொண்டைக்குள் ஒரு எட்டு போய்வந்துவிடலாம்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது

காகித ஸ்ட்ரா தண்ணீரில் ஊறித் தொளதொளவென்று ஆனபின் அதில் வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. நாக்குக்குப் பின்னால் இருக்கிற தொண்டைப்பகுதியும் அப்படி ஒரு தளர்ந்த குழாய்தான். அதைச் சுற்றிலும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள எலும்புச் சட்டம் கிடையாது, தசைகள்தான் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. எல்லோருக்கும் தளரும், ஆனால் சிலருக்கு அந்த வழி ஏற்கெனவே குறுகலாக இருப்பதால், தளர்ந்த சுவர் மூச்சை இழுக்கும் இழுப்பிலேயே மூடிக்கொள்கிறது. பாதி மூடினால் குறட்டை. முழுதாக மூடினால் மூச்சே நின்றுவிடும், மூளை பதறி ஒரு கணம் உலுக்கி எழுப்பும், தொண்டை திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

இப்படி மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றுபோவதற்குத்தான் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற எண்ணிக்கைக்கு ஏஎச்ஐ என்று பெயர். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. ரிப்போர்ட்டில் 42 என்று போட்டிருந்தால் மணிக்கு 42 தடவை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பாக எழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஊறிப்போன ஸ்ட்ராவை எப்படித் திறந்து வைப்பது? மறுமுனையிலிருந்து மெதுவாக ஊதிக்கொண்டே இருந்தால் சுவர்கள் ஒட்டாது. சிபாப் செய்வது இவ்வளவுதான். சிபாப் என்றால் மூச்சுப்பாதையில் விடாமல் ஒரே அளவு காற்றழுத்தம் கொடுப்பது என்று பொருள். சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்து பார்த்தார், 1981இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அதற்கு முன் கடுமையான ஆப்னியாவுக்கு நம்பகமான வைத்தியம் என்று இருந்தது கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வேறு வழி செய்வதுதான். அவருடைய ஆரம்பகால இயந்திரத்தில் ஓடியது வேக்கம் கிளீனர் மோட்டார். மாஸ்க்? ஒவ்வொரு இரவும் சிலிக்கோன் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள், காலையில் உரித்தார்கள். காற்றை ஊதுவதைவிட அந்தக் காற்றை முகத்தோரமாக ஓடிவிடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம், நாம்தான் பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

10 சென்டிமீட்டர் தண்ணீர்

இயந்திரத்தின் திரையில் 8, 10, 12 என்று ஏதோ ஒரு எண் வரும். பெரும்பாலான இயந்திரங்களில் இது 4 முதல் 20 வரை போகும். பலர் இதைப் பெரிய அழுத்தம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், நுரையீரல் வெடித்துவிடுமா என்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த எண்ணின் அலகு சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, அடியில் முதல் குமிழி கிளம்புகிற அளவுக்கு ஊதுங்கள். அதுதான் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம். நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் காற்றின் அழுத்தத்தில் அது சுமார் 100இல் ஒரு பங்கு. குழந்தைகூட விளையாட்டாக ஊதிவிடும்.

இந்த அலகில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை 10 கிராம். அப்படியானால் இயந்திரம் 10இல் ஓடும்போது, மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 10 கிராம் எடைக்குச் சமமான விசையால் முகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கின் திறப்பு ஒரு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தள்ளு விசை 200 கிராம், ஒரு செல்போன் எடை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது 60 சதுர சென்டிமீட்டர் என்றால் 600 கிராம், மூன்று செல்போன்.

பட்டைகள் ஈடுகட்ட வேண்டியது இந்த எடையைத்தான், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். நாம் இறுக்கும் இறுக்கலோ பல சமயம் இதைப்போல் சில மடங்கு இருக்கும். மிச்ச விசை எங்கே போகும்? மூக்குத்தண்டின் எலும்புக்கும் குஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் மேல்தான்.

இதுவரை பார்த்தது: தூக்கத்தில் தளரும் தொண்டையை மெல்லிய காற்றழுத்தத்தால் திறந்து வைப்பது சிபாப். அந்த அழுத்தம் மாஸ்க்கை வெளியே தள்ளும் விசை சில நூறு கிராம்தான். பட்டையின் வேலை அவ்வளவு எடையைப் பிடித்து நிறுத்துவது.

குஷன் எப்படி மூடுகிறது

சரி, விஷயத்துக்கு வருவோம். மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மெத்தென்ற விளிம்புக்குக் குஷன் என்று பெயர். அதைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பாருங்கள். பெரும்பாலான சிலிக்கோன் குஷன்களில் இரண்டு அடுக்கு இருக்கும்: உள்ளே கொஞ்சம் தடித்த, விறைப்பான அடுக்கு, அதன்மேல் உட்புறமாக மடிந்து நிற்கும் மிக மெல்லிய சவ்வு, ஊதினாலே ஆடும். தோலைத் தொட வேண்டியது இந்த மெல்லிய சவ்வுதான்.

காற்று வந்ததும் அது அந்தச் சவ்வின் பின்பக்கத்தை அழுத்துகிறது. சவ்வு உப்பி, முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து தோலோடு படிகிறது. எந்த அழுத்தம் வெளியேறப் பார்க்கிறதோ அதே அழுத்தம்தான் வாசலையும் சாத்துகிறது. பிரஷர் குக்கரில் கேஸ்கட் நன்றாகப் படிந்து ஆவி நிற்பதும் உள்ளிருந்து வரும் அழுத்தத்தால்தான், கைப்பிடியை ஓங்கி அழுத்துவதால் அல்ல.

இப்போது பட்டையை இறுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மெல்லிய சவ்வு உள்ளே இருக்கும் தடித்த அடுக்கோடு நசுங்கி ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் காற்று புக இடமில்லை, உப்ப வழியில்லை. பாதி காற்றடித்த தலையணையில் தலை வைத்தால் அது தலையைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், முழு பலத்தோடு அழுத்தினால் அடியில் தரைதான் தட்டுப்படும், அதே கதை. நசுங்கிய சவ்வில் சுருக்கம் விழும், சுருக்கத்தின் வழியே காற்று கசியும். கசிகிறதே என்று இன்னொரு இழுப்பு இழுத்தால் இன்னொரு சுருக்கம். தவிர, நாம் இழுப்பது எப்போதும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். வலதுகைக்காரர் வலது பட்டையை இழுப்பார், மாஸ்க் கோணிக்கொள்ளும், இடது கண்ணோரம் புதிதாக ஒரு வழி திறக்கும்.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கசிந்தால் முதலில் தளர்த்திப் பார் என்கிறார்கள். கேட்கும்போது கிண்டல் மாதிரி இருக்கும். ஸ்பஞ்சு குஷன் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, அது உப்பி மூடுவதில்லை, அமுங்கி மூடுகிறது. ஆனால் அதையும் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் பயனில்லை.

கசிய வேண்டிய கசிவு

புதிதாக மாஸ்க் வாங்கியவர்கள் அடிக்கடி பதறும் ஒரு விஷயம்: மாஸ்க்கின் முன்பக்கத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள், அதன் வழியே விடாமல் காற்று வருகிறது. பழுது என்று நினைத்து டேப் ஒட்டியவர்களும் உண்டு. தயவுசெய்து ஒட்டாதீர்கள். சிபாப்பில் இயந்திரத்திலிருந்து மாஸ்க்குக்கு வருவது ஒரே ஒரு குழாய், நாம் வெளியே விடும் மூச்சு போக வேறு குழாய் இல்லை. அந்தத் துளைகள்தான் போக்கிடம். அடைத்தால் விட்ட மூச்சையே, அதாவது கரியமில வாயு மிகுந்த காற்றையே, மறுபடி மறுபடி இழுப்போம். வாயையும் மூடும் மாஸ்க்கில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கும்: மின்சாரம் நின்று இயந்திரம் ஓயும்போது தானாகத் திறந்து அறைக் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு. கழுவும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் ஆடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

ஆக, கசிவு இரண்டு வகை. துளைகள் வழியே திட்டமிட்டுப் போவது ஒன்று. குஷன் ஓரமாகவோ வாய் வழியாகவோ தப்பி ஓடுவது இன்னொன்று, நாம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். சில இயந்திரங்கள் இரண்டாவதை மட்டும் காட்டும், சில இரண்டையும் கூட்டிக் காட்டும், எனவே இன்னொருவர் இயந்திரத்தின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்களில் தப்பி ஓடும் கசிவுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

24 லிட்டரா என்று மலைக்க வேண்டாம். இயந்திரம் கசிவைக் கணக்குப் பார்த்து அதற்குத் தகுந்தபடி கூடுதலாக ஊதும், குறிப்பிட்ட அளவுவரை தொண்டைக்குப் போகும் அழுத்தம் குறையாது. அதற்கு மேல் போனால் இரண்டு சிக்கல். ஒன்று, அழுத்தத்தைத் தக்கவைக்க முடியாமல் தொண்டை மறுபடி மூட ஆரம்பிக்கும். இரண்டு, இயந்திரம் உங்கள் மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் காற்றோட்டத்தை வைத்துத்தான் உணர்கிறது. கசிவின் இரைச்சலில் அது காது கேளாதது போல ஆகிவிடும், மூச்சு நிற்பதைக் கவனிக்காமல் விட்டுவிடும். எண் குறைவாக இருந்தும் கண்ணில் காற்றடித்து உங்களை எழுப்புகிறது என்றால் அதுவும் சரிசெய்ய வேண்டிய கசிவுதான், எண்ணைப் பார்த்து சும்மா இருக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: குஷனின் மெல்லிய சவ்வு உப்பித்தான் மூடும், நசுக்கினால் மூடாது. முன்பக்கத் துளைகளின் காற்று அவசியம். ஓரத்திலும் வாயிலும் தப்பும் காற்றுதான் பிரச்சினை.

மூக்கா, வாயா

மாஸ்க்கில் அடிப்படையாக மூன்று வகை. மூக்குத் துவாரங்களின் வாசலில் இரண்டு சிறு மெத்தைகளாக உட்காருவது பில்லோ மாஸ்க். மூக்கை மூடுவது நாசி மாஸ்க். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதை ஃபுல் ஃபேஸ் மாஸ்க் என்கிறார்கள், உண்மையில் அது முழு முகத்தையும் மூடுவதில்லை. இவற்றுக்கு நடுவே மூக்குக்கு அடியில் மட்டும் தொட்டில்போல் ஏந்தி நிற்கும் வகைகளும் உண்டு, மூக்குத்தண்டில் புண் வருகிறவர்களுக்கு அவை பெரிய விடுதலை.

செல்போன் எடைக் கணக்கை நினைவில் வையுங்கள். பில்லோவின் பரப்பு சில சதுர சென்டிமீட்டர்தான், எனவே தள்ளு விசை மிகக் குறைவு, பட்டை பெயருக்கு இருந்தால் போதும், தாடி மீசை குறுக்கே வருவதும் குறைவு, படுத்துக்கொண்டே கண்ணாடி போட்டுப் படிக்கலாம். ஆனால் காற்று நேராகத் துவாரத்துக்குள் பாய்வதால் அழுத்தம் அதிகமாகத் தேவைப்படுகிறவர்களில் சிலருக்கு மூக்கின் உள்ளே எரியும். ஃபுல் ஃபேஸில் பரப்பு பெரிது, விளிம்பின் நீளமும் பெரிது, மூக்குத்தண்டிலிருந்து தாடை வரை எல்லா மேடுபள்ளத்தையும் ஒரே நேரத்தில் மூடியாக வேண்டும். கசிய அதிக இடம், பிடிக்க அதிக விசை.

இவ்வளவு தெரிந்தும் பலர் ஃபுல் ஃபேஸில் தொடங்குவதற்குக் காரணம் ஒரே வாக்கியம்: "நான் வாயாலதான் மூச்சு விடறேன்." இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆப்னியா இருப்பவர் தூக்கத்தில் வாயைத் திறப்பது பல நேரம் தொண்டை அடைத்து மூச்சுக்குத் தவிப்பதால்தான். சிபாப் காற்றால் தொண்டை திறந்தபின் அந்தத் தவிப்பு போய், சிலருக்கு வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. இன்னும் சிலருக்கு மூக்கடைப்புதான் காரணம், அதை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டால் நாசி மாஸ்க்கே போதுமானதாகிவிடும். இயந்திரத்தில் காற்றை வெதுவெதுப்பாக ஈரப்படுத்தும் நீர்த்தொட்டி இருந்தால் அதைப் பயன்படுத்துவதும் மூக்கடைப்பைக் குறைக்கும்.

ஃபுல் ஃபேஸ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மூக்கு நிரந்தரமாக அடைத்தே இருப்பவர்களுக்கு அது தேவை. ஆனால் அதன் கீழ்ப்பகுதி தாடையைப் பின்னால் தள்ளக்கூடும், தாடையோடு நாக்கும் பின்னால் போகும், அதனால் அதே ஆளுக்கு நாசி மாஸ்க்கைவிட ஃபுல் ஃபேஸில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவது அடிக்கடி நடக்கிறது. வாந்தி வந்தால் உடனே கழற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. என் கருத்து: மூக்கால் மூச்சுவிட முடிகிறவர் நாசி மாஸ்க்கிலோ பில்லோவிலோ தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பெரியதற்குப் போவது நல்லது. வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் பழக்கம் இப்போது பரவுகிறது, மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

படுத்தால் முகம் மாறும்

கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, இயந்திரத்தோடு இணைக்காமல், மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்று வாங்கிவருவோம். அன்று இரவே கசியும். ஏன் கசியாது? உட்கார்ந்திருக்கும் முகம் வேறு, படுத்திருக்கும் முகம் வேறு. மல்லாந்து படுத்தால் கன்னத்துச் சதை காதுப்பக்கம் வழியும். ஒருக்களித்தால் ஒரு பக்கம் கன்னம் மேலேறும், தலையணை மாஸ்க்கின் சட்டத்தை இடிக்கும். தூக்கம் ஆழமானால் தாடை தொங்கும். பல்செட் போடுகிறவர் அதைக் கழற்றியதும் உதடும் கன்னமும் உள்ளே போய்விடும். காற்றில்லாமல் குஷன் உப்பாது என்பதால் அழுத்தமில்லாமல் பொருத்திப் பார்ப்பது சட்டையை ஹேங்கரில் மாட்டிப் பார்ப்பது மாதிரிதான்.

அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் ஆகாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். முகம் பெரிதென்றால் மாஸ்க்கும் பெரிதாக வேண்டும் என்பதும் இல்லை. நாசி மாஸ்க்குக்குப் பார்க்க வேண்டியது மூக்கின் அகலமும் நீளமும், பில்லோவுக்குத் துவாரத்தின் அளவு, ஃபுல் ஃபேஸுக்கு மூக்குத்தண்டிலிருந்து கீழ் உதட்டுக்கு அடியில் வரை உள்ள உயரம். ஒவ்வொரு மாடலுக்கும் அச்சிட்ட அளவு அட்டை உண்டு, சில நிறுவனங்கள் செல்போன் கேமராவில் முகத்தை அளக்கும் வசதியும் தருகின்றன. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சிறியதை முதலில் முயலுங்கள் என்பது பொதுவாகச் சரியாக வருகிறது. பெரிய குஷன் கண்ணோரம் வரை ஏறிவிடும், அப்புறம் அதை அமுக்கத்தான் பட்டையை இறுக்குவோம்.

கட்டும் முறை இப்படி. இரவு முகத்தைக் கழுவித் துடையுங்கள், கிரீம் வேண்டாம், எண்ணெய்ப் பசையில் சிலிக்கோன் வழுக்கும். பட்டைகளை எல்லாம் தாராளமாகத் தளர்த்தி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுங்கள். இயந்திரத்தை ஓடவிடுங்கள். காற்று வந்தபின் மாஸ்க்கை ஒரு விரல் அளவு முகத்திலிருந்து முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார விடுங்கள். அந்த ஒரு செயலில் சவ்வின் மடிப்புகள் விரிந்து உப்பும், எனக்குப் பாதிக் கசிவு அதிலேயே நின்றது. இன்னும் கசிந்தால் வலது இடது பட்டைகளை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கொஞ்சமே கொஞ்சம் இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பிறகு இடது பக்கம், வலது பக்கம் என்று புரண்டு பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல இயந்திரங்களில் ராம்ப் என்ற வசதி உண்டு: தூக்கம் வரும்வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும். தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. நீங்கள் 5இல் பொருத்தமாகக் கட்டிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள், நள்ளிரவில் அது 12க்கு ஏறும், தள்ளு விசை இரண்டு மடங்குக்கு மேல் போகும், மாஸ்க் தூக்கும். எனவே பொருத்திப் பார்க்கும்போது உங்கள் இயந்திரம் இரவில் தொடும் அழுத்தத்தில்தான் பார்க்க வேண்டும். சில இயந்திரங்களில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கவென்றே ஒரு வசதி இருக்கும், அதை அமுக்கினால் சிறிது நேரம் அதிக அழுத்தத்தில் ஊதும்.

இந்தப் பகுதியில் மனதில் நிற்க வேண்டியது ஒன்றுதான்: மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்க வேண்டியது படுத்த நிலையில், காற்று ஓடும்போது, இரவில் வரும் உண்மையான அழுத்தத்தில்.

கசிவு எங்கே என்று பாருங்கள்

கசியும் இடமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். கண்ணோரம் கசிந்தால் குஷன் பெரிது, அல்லது கீழ்ப்பட்டையை அதிகம் இறுக்கி மேல்விளிம்பு தூக்கிக்கொண்டது. இதை அலட்சியப்படுத்தினால் கண் உலர்ந்து சிவக்கும். ஃபுல் ஃபேஸில் தாடைப்பக்கம் கசிந்தால் தூக்கத்தில் வாய் திறந்து கீழ்விளிம்பு தாண்டிப் போகிறது என்று அர்த்தம். ஒருக்களிக்கும்போது மட்டும் கசிந்தால் தலையணையைச் சந்தேகியுங்கள், மாஸ்க்குக்கு இடம்விட்டு ஓரம் வெட்டிய தலையணைகள் இருக்கின்றன, குழாய் உச்சந்தலையிலிருந்து இறங்கும் மாடல்களும் இருக்கின்றன. நாசி மாஸ்க் போட்டவருக்கு ஓரத்தில் ஒன்றும் கசியாமல் காலையில் நாக்கு காய்ந்து மரக்கட்டையாக இருந்தால் காற்று வாய் வழியே போயிருக்கிறது.

ஆரம்பத்தில் நன்றாக இருந்து ஒன்றிரண்டு மாதத்தில் கசியத் தொடங்கினால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள், குஷன் மூப்படைந்திருக்கும். முக எண்ணெய் பட்டுப்பட்டு சவ்வு தன் துள்ளலை இழந்து கொழகொழவென்று ஆகும். தினமும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தினால் கொஞ்சம் கூட நாள் வரும், ஆனால் மாற்ற வேண்டிய பொருள்தான் அது. பட்டையும் துணிதானே, நாளாக நாளாக இழுபடும். மாஸ்க் முழுவதையும் தூக்கிப் போடும் முன் குஷனை மட்டும் மாற்றிப் பாருங்கள். உடல் எடை நன்றாகக் குறைந்தாலோ தாடி வளர்த்தாலோ எடுத்தாலோ பழைய அளவு பொருந்தாமல் போகலாம்.

தோல் சிவப்பது பற்றி: காலையில் மாஸ்க்கைக் கழற்றி அரைமணி நேரத்தில் தடம் மறைந்தால் சரி. மறையவில்லை, வலிக்கிறது, தோல் உரிகிறது என்றால் அந்த மாஸ்க்கை அப்படியே தொடரக் கூடாது, அது புண்ணாகும் வழி.

காந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்ட எளிதாக இருக்கட்டும் என்று காந்தக் கொக்கி வைத்திருப்பார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் தலையிலோ கண்ணிலோ உலோகப் பொருள் பொருத்தியவர்களுக்கும் அது ஆகாது என்று 2022இலிருந்து தயாரிப்பாளர்களே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அருகில் படுப்பவருக்கு அப்படிப் பொருத்தியிருந்தாலும் இது பொருந்தும். காந்தமில்லாத கொக்கி உள்ள மாடல் தாராளமாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

முகத்தில் ஏதோ மாட்டியிருப்பதே மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்பவர்கள் இரவை விட்டுவிட்டுப் பகலில் தொடங்கலாம். முதலில் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்தபடி, பட்டை போடாமல், இயந்திரத்தை ஓடவிட்டு ஏதாவது பார்த்துக்கொண்டு சில நிமிடம். இரண்டு நாள் கழித்து பட்டையோடு. அப்புறம் பகல் தூக்கம். வேண்டாம் என்றால் அந்தக் கணமே கழற்றிவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயம் வெகுவாகக் குறையும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரிவரவில்லை என்றால் அழுத்தத்தை நீங்களாகக் குறைக்காமல், தூக்க மருத்துவரிடமோ மாஸ்க் பொருத்தித் தருபவரிடமோ போங்கள். போகும்போது உங்கள் இயந்திரத்தைக் கொண்டுபோங்கள், அதில் எந்த இரவில் எவ்வளவு கசிந்தது, ஏஎச்ஐ 5க்குக் கீழே வந்ததா என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். கூடவே நீங்கள் தலைவைத்துப் படுக்கும் தலையணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படுத்துப் பார்க்க ஒரு கட்டில் கேளுங்கள், தருவார்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாஸ்க் மாற்றினேன்.